புது வீடா, பழைய வீடா: மென்பொருள் பொறியியல் மாணவர்களுக்கு எந்தப் புராஜெக்டைக் கொடுப்பது?

பருவம் தொடங்கி இரண்டாவது வாரம் முடிவதற்குள் தலைப்புப் பட்டியல் என் மேசைக்கு வந்துவிடும். நூலக மேலாண்மை மூன்று, ரத்த வங்கி இரண்டு, விடுதி மெஸ் டோக்கன் ஒன்று, பெயர் மட்டும் மாறிய உணவு ஆர்டர் செயலி நான்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக ஏறக்குறைய இதே பட்டியல்தான். எத்தனை ரத்த வங்கி கட்டியும், எங்கள் ஊரில் ரத்தம் வேண்டுவோர் இன்னமும் வாட்ஸ்அப் குழுவில்தான் கேட்கிறார்கள்.

நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரி வாளையாருக்கு இந்தப் பக்கம், அதாவது கேரளத்தில் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, கள்ளுக்கும் நெல்லுக்கும் பேர்போன பாலக்காட்டுச் சித்தூர்). மற்றவர்கள் மலையாளிகள். பொள்ளாச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி எல்லை தாண்டி வருவோரும் உண்டு. இங்கும் கோவைப் பக்கத்திலும் புதிதாக இந்தப் பாடம் தலையில் விழுந்த இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “சார், மாணவர்களுக்கு என்ன புராஜெக்ட் கொடுப்பது?” எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன், நான்கிலும் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயர் பரவலாக ஊன்றியது அங்கிருந்துதான். வந்திருந்தவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாமல் இல்லை. பெரிய மென்பொருள்கள் சொன்ன நாளில் முடியவில்லை, சொன்ன செலவில் முடியவில்லை, முடிந்தவையும் சொன்னபடி ஓடவில்லை. இதுதான் அவர்களைக் கூட்டி உட்கார வைத்த கவலை. ஆகவே இந்தப் பாடத்தின் புராஜெக்டை ‘நன்றாக நிரல் எழுதினார்களா’ என்று அளப்பது, சமையல் வகுப்பில் காய் நறுக்கியதற்கு மட்டும் மதிப்பெண் போடுவதுபோல. நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்க வேறு பாடங்கள் இருக்கின்றன.

நான் கேட்கும் முதல் கேள்வி, மாணவர் பிறர் எழுதிய நிரலைப் படித்து மாற்ற நேர்கிறதா என்பது. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. வேலைக்குப் போனதும் முதல் நாள் அவர்கள் கையில் விழப்போவது வேறு எவரோ எழுதி, அவரும் விலகிப்போன நிரல்தான். இரண்டாவது, பாதி வழியில் தேவை, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பது, மாறுகிறதா. மூன்றாவது, நால்வர் குழுவில் யார் உழைத்தார் என்று பிரித்தறிய முடிகிறதா. நான்காவது, ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் போகும். இதைச் சொல்ல நம்மில் பலரும் கூச்சப்படுகிறோம். ஆனால் ஒருவரே மூன்று பாடமும் அங்கீகாரக் கோப்புகளும் பார்க்கும் துறையில், நேரக் கணக்குப் போடாத திட்டம் ஆறாவது வாரத்தில் படுத்துவிடும்.

பாடத்திட்டத்தின் அமைப்பையும் மறக்கக் கூடாது. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019 திட்டத்தில் கோட்பாடு ‘மேனேஜ்மென்ட் ஆஃப் சாப்ட்வேர் சிஸ்டம்ஸ்’ என்ற பெயரில் ஐந்தாம் பருவத்தில் வருகிறது, மினி புராஜெக்ட் ஆறாம் பருவத்தில் வருகிறது. படித்ததைக் கையில் எடுக்கும்போது பாதி மறந்துபோயிருக்கும் என்பது இதன் குறை. ஐந்தாம் பருவத்திலேயே நிரலைப் படிக்கத் தொடங்கி ஆறாம் பருவத்தில் மாற்றலாம் என்பது இதன் வசதி.

| வழி | பிறர் நிரல் | தேவை மாறுமா | யார் உழைத்தார் | ஆசிரியர் நேரம் |
|---|---|---|---|---|
| புதிதாகக் கட்டுதல் | இல்லை | இல்லை | தெரியாது | குறைவு |
| மூத்தவர் நிரலைத் தொடர்தல் | நிறைய | நாம் மாற்றினால் உண்டு | தெரியும் | முதல் ஆண்டு அதிகம் |
| உள்ளூர் வாடிக்கையாளர் | கொஞ்சம் | ஓயாமல் | ஓரளவு | மிக அதிகம் |
| கட்டற்ற மென்பொருளில் பங்களிப்பு | மிக நிறைய | திட்டத்தைப் பொறுத்தது | நன்றாகத் தெரியும் | முன்கூட்டிச் சொல்ல முடியாது |

## புதிதாகக் கட்டச் சொல்வது

பழக்கமான வழி. தலைப்பு மாணவருடையது, உற்சாகமும் அவருடையது. வெளித்தேர்வாளருக்கும் புரியும், ரெக்கார்டின் வடிவமும் பழகியது. இதுவரை எதையுமே முழுதாகக் கட்டியிராத மாணவருக்கு இந்த அனுபவம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

இதன் மறைமுகச் செலவு எல்லோரும் அறிந்து பேசாமல் இருப்பது. கோவை காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால் புராஜெக்ட் சென்டர்களின் பலகைகள் தெரியும். பணம் கொடுத்தால் நிரல், ரெக்கார்டு, வைவாவுக்கான பதில்கள் எல்லாம் ஒரே உறையில் கிடைக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் அந்தப் பணமும் மிச்சம். நூலக மேலாண்மை போன்ற ஆயிரம் முறை எழுதப்பட்ட ஒன்றை இயந்திரம் ஒரு மாலையில் எழுதித் தந்துவிடும். பிறகு நால்வர் குழுவில் ஒருவர் இயந்திரத்தோடு பேசுவார், ஒருவர் ஸ்லைடு செய்வார், ஒருவர் ரெக்கார்டு தைப்பார், நான்காமவர் ஸ்பைரல் பைண்டிங் கடைக்குப் போவார். நால்வருக்கும் ஒரே மதிப்பெண்.

இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால் ஒரு மாற்றம் சொல்வேன். நம் பாடநூல்கள் ‘நீர்வீழ்ச்சி மாதிரி’ என்று வரைந்து காட்டும் படம் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. அந்தக் கட்டுரையே, படிப்படியாக ஒருமுறை இறங்கி முடிப்பது ஆபத்தானது என்று சொல்லி, முடிந்தால் இரண்டு முறை செய்யுங்கள் என்கிறது. அதைப் பின்பற்றி, முதல் நான்கு வாரத்தில் கட்டியதை ஐந்தாவது வாரம் தூக்கி எறியச் சொல்லி, மறுபடி கட்ட வைத்தேன். வகுப்பு என்னைச் சபித்தது. இரண்டாவது முறை வந்த தரவுத்தள வடிவமைப்புகள் மட்டும் முதலாவதோடு ஒப்பிடவே முடியாதபடி இருந்தன.

முப்பது பேருக்குக் குறைவான வகுப்பு, மூன்றாம் அல்லது நான்காம் பருவம், ஆசிரியர் ஒவ்வொரு வாரமும் ஆய்வகத்தில் உடன் உட்காரக்கூடிய நிலை: இவை இருந்தால் இந்த வழி சரி.

## மூத்தவர் விட்டுப்போனதைத் தொடர்வது

இதுதான் என் கட்சி. அதனால் கொஞ்சம் நீளும்.

முறை எளியது. சென்ற ஆண்டு மாணவர்கள் கட்டியவற்றில் ஓடக்கூடிய நிலையில் உள்ள நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, கிட் (யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றோடு இந்த ஆண்டுக் குழுக்களிடம் கொடுப்பது. முதல் இரண்டு வாரத்துக்கு வேலை ஒன்றே ஒன்று: உங்கள் கணினியில் ஓட வையுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். தரவுத்தளக் கடவுச்சொல் நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கும், கோப்புப் பாதை மூத்தவர் ஒருவரின் பெயரில் உள்ள அடைவைத் தேடும், நிரல் நம்பியிருக்கும் ஆயத்த நிரல்தொகுப்பின் பழைய பதிப்பு இப்போது கிடைக்காது. “இதை எழுதினவன் கையில் கிடைத்தால்” என்று ஒரு மாணவி பல்லைக் கடித்தாள். நிறுவும் குறிப்பு எதற்கு எழுத வேண்டும் என்று நான் நடத்தியிருக்கக்கூடிய மூன்று வகுப்புகள் அந்தப் பல்கடிப்பில் முடிந்துவிட்டன.

பிறகு மாற்றுவதற்குமுன் சோதனை எழுத வேண்டும். பழைய நிரல் இப்போது என்ன செய்கிறது என்பதைப் பதிந்துவைத்த பிறகே கைவைக்கலாம். இதைச் சொல்லும்போது ஏரியன்-5 ராக்கெட்டின் கதையைச் சொல்வேன். 1996 ஜூன் 4 அன்று அது புறப்பட்ட 40 வினாடிக்குள் சிதறியது. ஏரியன்-4-இல் ஒழுங்காக ஓடிய வழிகாட்டி நிரலின் ஒரு பகுதியைப் புதிய ராக்கெட்டில் அப்படியே வைத்திருந்தார்கள். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கும் ஓர் இடம் அதில் இருந்தது. பழைய ராக்கெட்டில் கிடைவேகத்தைச் சார்ந்த அந்த எண் 16 பிட்டில் அடங்கும் 32,767 என்ற வரம்பைத் தாண்டியதே இல்லை, புதியதில் தாண்டியது. புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பது இன்னும் வேதனை. மரபாக வந்த நிரலில் எழுதப்படாத அனுமானங்கள் ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எட்டாவது வாரம் நான் தேவையை மாற்றுவேன். எனக்குப் பிடித்த மாற்றம்: ‘உறுப்பினர் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் சேமித்துத் தேட வேண்டும்.’ எல்லையோரத்தில் இது கற்பனைத் தேவையும் இல்லை, ரேஷன் கடையிலிருந்து பள்ளிப் பதிவேடு வரை இதே சிக்கல்தான். மலையாளப் பெயர்களின் ஈற்றில் வரும் சில்லெழுத்துகளை (உயிர் சேராத ன், ர், ல் போன்றவை) 2008-க்குமுன் மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினார்கள், எழுத்துகளுக்குக் கணினிக் குறி ஒதுக்கும் யூனிகோட் தரத்தின், அந்த ஆண்டு வந்த 5.1 பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. தமிழிலும் உண்டு. கௌசல்யாவை ‘கௌ’ என்று முறையாகத் தட்டியவரும், ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ தட்டியவரும் கணினிக்கு வேறு வேறு ஆட்கள். போதாக்குறைக்கு, குடும்பப் பெயர் கட்டாயம் என்று மூத்தவர் வைத்திருக்கும் படிவத்தில், முன்னெழுத்து மட்டுமே உள்ள தமிழ் மாணவர் தன் பெயரையே நுழைக்க முடியாது. ஒரே ஒரு மாற்றம் தரவுத்தளம், படிவம், தேடல், அச்சு என எத்தனை இடத்தைத் தொடுகிறது என்று எண்ணிப்பார்க்கும்போதுதான் நிரலின் பகுதிகளுக்கிடையே ‘இணைப்பு குறைவாக இருக்க வேண்டும்’ என்ற பாடநூல் வரிக்கு உயிர் வருகிறது.

மதிப்பெண் போடுவதும் இங்கே எளிது. அடிப்படை எல்லோருக்கும் முன்பே இருப்பதால், சேர்த்த வரியும் நீக்கிய வரியும் பளிச்சென்று தெரியும். ஆனால் கிட் பதிவில் உள்ள பெயரை வேதவாக்காக எடுக்காதீர்கள். கணினியில் எந்தப் பெயரை அமைத்தாலும் அந்தப் பெயரில் கமிட், அதாவது மாற்றத்தின் பதிவு, விழும். நண்பனின் பெயரில் நாலு கமிட் போட்டுக் கொடுப்பது ஒரு விடுதி அறைக்குள் முடிகிற காரியம். நான் ஒவ்வொருவரிடமும் அவர் பெயரில் உள்ள ஒரு கமிட்டைத் திறந்து, “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன உடையும்?” என்று கேட்பேன். ஐந்து நிமிட வைவா போதும். இயந்திரத்தை எழுத வைத்தவரும் இங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

செலவுகளைச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் ஆண்டு, கொடுக்கத் தகுந்த நிரலைத் தேடிப் பொறுக்கவே விடுமுறை முழுதும் போய்விடும். மிக மோசமானதைக் கொடுத்தால் மாணவர்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதிவிட்டு, தொடர்ந்தோம் என்பார்கள். அனுமதியும் வேண்டும். மாணவர் எழுதியதை நம் சொத்தாக நினைத்துக் கைமாற்றக் கூடாது. சமர்ப்பிக்கும்போதே, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்னும் ஒரு கட்டற்ற உரிமத்தைத் தேர்ந்து கையெழுத்திடச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவருடையதை எடுப்பதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிர்ப்பு வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து வரும். “சொந்தமாக எதுவும் செய்யவில்லையா என்று நேர்காணலில் கேட்கிறார்களே, சார்” என்பார்கள். மாணவர் தன் சுயவிவரத்தில் ‘வேறொருவரின் 6,000 வரி நிரலைப் படித்து, சோதனை எழுதி, பன்மொழித் தேடல் சேர்த்தேன்’ என்று எழுதப் பழக்கினால் இந்த எதிர்ப்பு அடங்கும். முழுதாக அடங்காது.

## உள்ளூர் வாடிக்கையாளருக்குச் செய்வது

பார்க்க மிக அழகானது. மாணவர் வெளியே போகிறார், உண்மையான மனிதரைச் சந்திக்கிறார், ஊருக்கும் ஏதோ கிடைக்கிறது. துறைத் தலைவருக்குப் புகைப்படமும் கிடைக்கும்.

தேவை என்றால் என்ன என்று கற்பிக்க இதற்கு ஈடு கிடையாது. சித்தூர்ப் பக்கத்து பால் சங்கம் ஒன்றுக்கு ஒரு குழுவை அனுப்பினேன். பாலின் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்து விலை போடும் கணக்கு. மாணவர்கள் சூத்திரத்தைக் கேட்டு எழுதி வந்தார்கள், ஒரு மாதத்தில் மென்பொருள் தயார். பட்டுவாடா நாளன்று நோட்டுக் கணக்குக்கும் இவர்கள் கணக்குக்கும் ஒவ்வொருவருக்கும் சில ரூபாய் வித்தியாசம். கொழுப்பு அளவைத் தசமத்தில் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று இவர்கள் கேட்கவில்லை, செயலாளரும் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. “எப்போதும் அப்படித்தானே தம்பி போடுவோம்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே மாணவர்களை வெளியே அனுப்பலாம்.

தேவை மாறும் வேகமும் நம் கையில் இல்லை. 2017-இன் தொடக்கத்தில் ஒரு குழு லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றுக்கு, வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டிய படிவங்களை அச்சிடும் மென்பொருள் செய்தது. நல்ல வேலை. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சாவடி போய், அடுத்த ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில் கட்டாயமானது. மென்பொருள் ஓர் ஆண்டு கூடப் பிழைக்கவில்லை. அதற்குள் மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். லாரி அலுவலகத்துக்காரர் யாருக்குத் தொலைபேசி செய்வார்? எனக்குத்தான் செய்தார், இரண்டு ஆண்டுகள்.

அதுதான் இந்த வழியின் உண்மையான விலை. பருவம் முடியும், வாடிக்கையாளரின் தேவை முடியாது. சர்வர் வாடகை யார் கட்டுவது என்பதும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் இடம் ஒருநாள் இலவசமாக இராது. பால் சங்கத்தின் பதிவில் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இருக்கும், அதைச் சோதனைத் தரவு என்று, எவரும் பார்க்கக்கூடிய இணைய நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிட்ட குழுவை நான் பார்த்திருக்கிறேன். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் இது விளையாட்டல்ல. பால் சங்க வேலை தாமதமானபோது இன்னொரு குழுவையும் அதில் சேர்த்துவிட்டது என் சொந்தத் தவறு. தாமதமான மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதியதை நான்தான் வகுப்பில் நடத்துகிறேன். நால்வருக்குள் பேச்சுவழி ஆறு, எண்மருக்குள் இருபத்தெட்டு. கரும்பலகையில் போட்ட கணக்கு எனக்கே உறைக்கவில்லை.

பருவத்துக்கு ஒரே ஒரு குழு, வாடிக்கையாளரிடம் பழைய நோட்டுக் கணக்கும் தொடர்ந்து ஓட வேண்டும் என்ற ஒப்பந்தம், பராமரிக்கத் துறையில் நிரந்தரமாக ஒருவர்: இவை மூன்றும் இருந்தால் இறங்குங்கள். அறுபது பேர் வகுப்பு முழுதையும் ஊருக்குள் அவிழ்த்துவிட வேண்டாம்.

## கட்டற்ற மென்பொருளில் பங்களிப்பது

எங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல மண் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பள்ளியிலேயே குனு/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருளுக்கான அரசின் ஐசிஃபாஸ் மையம் இருக்கிறது. சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவினர் மலையாளத்தோடு நிற்காமல் ‘மீரா இனிமை’ என்று ஒரு தமிழ் எழுத்துருவும் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்துருவை வகுப்பில் திரையில் காட்டும்போது இரு மொழிப் பிள்ளைகளின் முகமும் மாறும்.

கற்பதற்கு இதுபோல் வேறு இல்லை. பெரிய நிரல், அறிமுகமில்லாத பராமரிப்பாளர், முகத்துக்கு நேரே விமர்சனம். ஆனால் நம் பருவக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. மாணவர் அனுப்பிய திருத்தத்துக்கு மூன்று மாதம் பதில் வராமல் போகலாம், மதிப்பெண் பதிவு நாளோ காத்திருக்காது. ஆகவே ஏற்கப்பட்டதா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள், அனுப்பியதன் தரத்துக்குப் போடுங்கள். எண்ணிக்கைக்கும் போடாதீர்கள். 2020-இல், கட்டற்ற திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், டி-ஷர்ட்டுக்காக உப்புச்சப்பில்லாத திருத்தங்கள் குவிந்து, விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று நடுவழியில் விதியையே மாற்ற வேண்டியிருந்தது. ‘ஆளுக்கு ஐந்து பங்களிப்பு’ என்று நாம் அறிவித்தால் அதே கூத்துதான். எவரோ ஒருவர் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து அந்தக் குப்பையைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

தாமாக முன்வரும் ஆறேழு பேருக்கு இது. அவர்களைப் பிடித்து இழுக்கக் கூடாது, கதவைத் திறந்துவைத்தால் போதும்.

## கையில் எதுவும் இல்லாதவர் என்ன செய்வது

“சரி சார், தொடர்வதற்கு எங்களிடம் நல்ல பழைய நிரலே இல்லையே” என்று கோவைப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றேன். இரண்டு பருவங்களாக எங்கள் மாணவர் நிரல் வாளையார் தாண்டி அங்கே போகிறது, அவர்களுடையது இங்கே வருகிறது. எழுதியவர் பக்கத்து விடுதியில் இல்லாததால், ஓடிப்போய்க் கேட்கும் வழியும் அடைபடுகிறது. குறிப்பு எழுதாமல் விட்டவர் மாட்டிக்கொள்கிறார்.

போன பருவம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல். பால் கணக்கு நிரலில் எங்கள் மலையாள மாணவர் ஒருவர் ரோமன் எழுத்தில் ‘ஆழ்ச்ச’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்திருந்தார். மலையாளத்தில் அது வாரம். அந்தக் கல்லூரி மாணவர்கள் அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டு, பால் கேனில் எத்தனை அங்குலம் பால் இருக்கிறது என்பதற்கு ஒரு முழுப் பக்கம் சரிபார்ப்பு எழுதியிருந்தார்கள். எண் ஏன் ஒருபோதும் 52-ஐத் தாண்டுவதில்லை என்பதுதான் அவர்களுடைய ஒரே சந்தேகம்.